நொடிக்கு நூற்றிருபது படங்கள்

நிலைய நாள் 61, காலை 06:40. வழக்கமான பதிவு

காற்றழுத்தம் சரி. தண்ணீர்த் தொட்டியில் பாதிக்குச் சற்றுக் குறைவு. வெளியே எப்போதும் போல இருட்டு.

அடுத்து வரும் குழு வாசிப்பதற்காக இந்தக் குறிப்பை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். நிலவின் தென்முனையில், சூரியன் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பில், மண்ணுக்கடியில் புதைத்த இரண்டு உருளைகள்தான் நிலையம். ஆட்கள் இருவர். நான் ஆவுடையம்மாள், காட்சிப் பொறியாளர். இங்கே திரையில் என்ன தெரிந்தாலும் அதற்கு நான்தான் பொறுப்பு. இன்னொருவன் சூசைமிக்கேல், வண்டி ஓட்டுநர், தூத்துக்குடிக்காரன். பள்ளத்துக்குள் இறங்கி உறைபனியை வெட்டிக்கொண்டு வருவது அவன் வேலை. அதை உருக்கிக் குடிக்கிறோம், அதையே பிரித்து மூச்சு விடுகிறோம்.

இன்று காலை பூமியிலிருந்து நிலையத்துக்கும் வண்டிக்கும் சேர்த்துப் புதிய மென்பொருள் வந்திறங்கியது. யாரும் கேட்கவில்லை. வந்தது, தானே ஏறிக்கொண்டது, 'வாழ்த்துகள்' என்றது.

வண்டிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது திரைக்குப் படம் வரைந்து தரும் பலகை, டாவ்ரெக்ஸ் கம்பெனியுடையது. நிலையத்தில் இருப்பது ஓர்மின் கம்பெனியுடையது. இரண்டுமே வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்காகச் செய்த கார்டுகள். இலவசமாகக் கொடுத்தார்கள், 'நிலவிலும் ஓடுகிறது' என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்துக்கொள்ளலாம் என்பதற்காக. ஒரு கம்பெனியிடமே இரண்டையும் வாங்கியிருக்கலாமே என்று கேட்டால், அடுத்த கம்பெனி கோபித்துக்கொள்ளும் என்றார்கள். மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் சமமாகப் பலகாரம் அனுப்புகிற மாதிரி ஒரு விண்வெளித் திட்டம்.

ஓர்மினின் புது வித்தைக்குப் பெயர் 'நிறைகாட்சி'. கார்டு ஒரு நிஜப் படத்தை வரையும். அடுத்த நிஜப் படம் வருவதற்குள், இடையில் என்ன நடந்திருக்கும் என்று தானே ஊகித்து ஏழு படங்களை வரைந்து செருகிவிடும். கேம் வழுக்கிக்கொண்டு ஓடும். எந்த கேம் இதை ஆதரிக்கிறது, எது ஆதரிக்கவில்லை என்று பூமியில் ஒரே அடிதடி. புதிய மென்பொருள் நிறைகாட்சியை ஆதரிக்கிறது. டாவ்ரெக்ஸ் கார்டைப் பற்றி ஒரே ஒரு வரிதான்: 'இணக்க முறையில் இயங்கும்.' இந்த வரியை மூன்று தடவை படித்தேன்.

நாள் 61, காலை 09:20. வண்டி புறப்பாடு

சூசை கிளம்பிவிட்டான். ஒரு நாள் பொறுத்துப் போ என்றேன். தொட்டியைக் காட்டினான்.

வண்டிக்கு ஜன்னல் கிடையாது. கண்ணாடி எடை கூட்டும், குளிரில் வெடிக்கும் என்று எடுத்துவிட்டார்கள். வெளியே கேமராவும் லேசர் அளவியும் இருக்கின்றன. அவை பார்ப்பதெல்லாம் நேராக கார்டுக்குள் போகும். கார்டு வரைந்து தருவதுதான் ஓட்டுநரின் திரையில் வரும். நடுவில் எட்டிப் பார்க்க வழியே இல்லை. வண்டிக்குள் விண்வெளி உடையும் கிடையாது. வண்டி நிலையத்தின் வாயிலோடு ஒட்டிக்கொள்ளும், ஆள் கதவைத் திறந்து உள்ளே வருவான். அவ்வளவுதான் வடிவமைப்பு.

போகும்போது சூசை வானொலியில் சொன்னது: "யக்கா, ஞாயித்துக்கெழம மவளுக்குச் சர்ச்சுல புதுநன்மை, மொதத் தடவையா நற்கருண வாங்குதா. வீடியோவுல பாக்கணும். அன்னைக்கு மட்டும் நெட்டு விக்காம பாத்துக்கிடுங்க, என்ன?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நாள் 61, காலை 11:45. புகார்

வண்டியின் திரை விக்குகிறது. நொடிக்கு முப்பது படம் வந்த இடத்தில் இப்போது ஒன்றரை. ஒரு படம் வருகிறது, நிற்கிறது, சூசை திட்டுகிறான், அடுத்த படம் வருகிறது. அவன் பாதிச் சரிவில் வண்டியை நிறுத்திவிட்டான்.

டாவ்ரெக்ஸ் உதவி மையத்துக்கு அழைத்தேன். சென்னையிலிருந்து தினகர் என்று ஒரு தம்பி.

"மேடம், அது எங்க இஷ்யூ இல்ல மேடம். ஓர்மின் வேணும்னே எங்க கார்ட ஸ்லோ பண்ற மாதிரி எழுதியிருக்காங்க. நீங்க அவங்கள கேளுங்க."

ஓர்மினைக் கேட்டேன். ஷர்மிளா என்று ஒரு பெண். குரலில் அப்படியொரு கனிவு.

"மேம், டாவ்ரெக்ஸ் கார்டு பழைய டிசைன் மேம். அதுல நிறைகாட்சி வராது. வண்டியிலயும் எங்க கார்டு போட்டுட்டீங்கன்னா ப்ராப்ளமே இருக்காது."

நிலவில் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "சாரி மேம், அது சேல்ஸ் டிபார்ட்மென்ட்" என்றாள்.

பழைய மென்பொருளுக்குத் திரும்பிப் போகிறேன் என்றால் இரண்டு கம்பெனியும் ஒப்புதல் தர வேண்டுமாம். இரண்டும் ஒன்றையொன்று கை காட்டுகின்றன. பூமியிலிருக்கும் தரைக்கட்டுப்பாட்டில் முறையிட்டேன். 'சம்பந்தப்பட்டவர்களுடன் பேசிவருகிறோம்' என்று எழுத்தில் வந்தது. ஒருவன் சரிவில் தொங்கிக்கொண்டு நிற்கிறான், இவர்கள் பேசி வருகிறார்களாம்.

நாள் 61, மதியம் 13:05. திருத்தம்

டாவ்ரெக்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் புகாரை யாரோ மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். தங்கள் பங்குக்கு ஒரு வித்தையை அவசரமாக அனுப்பியிருக்கிறார்கள். பெயர் 'பாய்ச்சல்'. நிறைகாட்சி ஏழு படம் ஊகித்தால் இது முப்பது ஊகிக்குமாம். திரை சட்டென்று சீராகிவிட்டது.

தினகர் அழைத்தான். "எப்டி மேடம்? அவங்கள விட நாலு மடங்கு! ஃபீட்பேக் மட்டும் அஞ்சு ஸ்டார் போட்ருங்க."

சூசைக்கும் சந்தோஷம். வண்டியை மறுபடி நகர்த்தினான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு நிஜப் படத்துக்கு முப்பது பொய்ப் படம் என்றால் அவன் எதைப் பார்த்து ஓட்டுகிறான்?

நாள் 61, மதியம் 14:10. விபத்து

அவசரமாக எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

பள்ளத்தின் அடியில் இருட்டு அதிகம். பனி லேசரைத் திருப்பி அடிப்பதில்லை, விழுங்கிவிடுகிறது. அளவிக்கு ஒன்றும் கிடைக்காத இடத்தில் கார்டு என்ன செய்யும்? ஊகிக்கும். எதை வைத்து ஊகிக்கும்? அது பழகியதெல்லாம் கேம்கள்.

சூசையின் குரல் உற்சாகமாக வந்தது. "யக்கா, நல்ல ரோடு தெரியுது!"

நான் என் திரையைப் பார்த்தேன். அவன் பார்ப்பதை இங்கேயும் பார்க்கலாம். நிலவின் பள்ளத்துக்குள் ஒரு சாலை போய்க்கொண்டிருந்தது. வளைவு, இரண்டு பக்கமும் தாழ்வான கல் வரிசை. இடது ஓரத்தில் ஒரு பாறை, ஒட்டகத் திமில் மாதிரி. அதே பாறை கொஞ்ச தூரத்தில் மறுபடி. இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடி. அந்தப் பாறையை எனக்குத் தெரியும். ஒரு கார்ப்பந்தய கேமில் நூறு தடவை அதில் மோதியிருக்கிறேன்.

"ஏல சூசை, நில்லு! நில்லுன்னு சொல்லுதம்லா! அங்க ரோடு கெடையாது!"

நிறுத்தினான். அதற்குள் முன்பக்கச் சங்கிலிப்பட்டை இரண்டும் அந்தரத்தில் போய்விட்டன. வண்டி மூக்கு குத்திச் சாய்ந்தது. பனியைத் துளைக்கும் இயந்திரக் கையைத் தரையில் ஊன்றி, பின்னால் தள்ளி, ஒருவழியாக ஏறிவிட்டான். கெட்டிக்காரன். ஆனால் வண்டியின் அடிவயிறு பாறையில் உரசியதில் ஒரு மின்கலத் தொகுதி போய்விட்டது. மீதி இருப்பதை வைத்து நள்ளிரவுவரை வண்டிக்குள் சூடு நிற்கும். அதற்குப் பிறகு நிற்காது.

பிறகு மெதுவாகக் கேட்டான். "யக்கா, திரையில இப்பமும் ரோடுதான் தெரியுது. நான் என்ன செய்யட்டும்?"

நாள் 61, மதியம் 15:00. விளக்கம்

டாவ்ரெக்ஸின் பதில் அப்படியே:

"மேடம், ரோடு தெரியறது பக் இல்ல மேடம், ஃபீச்சர். எம்ப்ட்டியா இருந்தா கஸ்டமருக்குப் பிடிக்கறதில்ல. நல்ல வியூ குடுக்கறதுக்குத்தான் அப்படி."

நான் சொன்ன வார்த்தைகளைக் குறிப்பில் எழுத விதி இடம் தராது. என் அம்மா கேட்டிருந்தால் வாயில் சூடு வைத்திருப்பாள்.

அணைக்க முடியுமா என்று கேட்டேன். அடுத்த பதிப்பில் அணைக்கும் பொத்தான் வருமாம். எப்போது? தீபாவளிச் சலுகையோடு.

நாள் 61, மாலை 16:30. ஒரு வழி

கிடைத்துவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கார்டு சரியாக வரைகிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு சோதனை நிரல் உண்டு. பெயர் 'நிலஅளவு'. சும்மா ஓட்டிப் பார்த்தேன். சோதனையில் சாலை இல்லை! தெரியாத இடமெல்லாம் கறுப்பாக, தெரிந்த இடம் மட்டும் சாம்பல் புள்ளிகளாக வந்தது. அழகே இல்லை. அத்தனையும் நிஜம். அதே கார்டு, அதே கேமரா. சோதனையை நிறுத்தி வண்டியின் ஓட்டு நிரலுக்குப் போனால் உடனே சாலை வந்துவிடுகிறது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழைய சங்கதி. கார்டு கம்பெனிகள் தங்கள் கார்டுக்கு ஒரு புத்தி சொல்லி அனுப்புவார்கள்: இன்ன பெயருள்ள நிரல் ஓடினால் அது பரீட்சை, ஒழுங்காக நடந்துகொள். மதிப்பெண் வாங்கும் வரைக்கும் நல்ல பிள்ளை. இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் வாசல் பெருக்கிக் கோலம் போடுகிற பள்ளிக்கூடம் மாதிரி. படத்தின் உண்மையைப் பார்க்கிற சோதனை என்பதால் 'நிலஅளவு' ஓடும்போது மட்டும் கார்டு உண்மை பேசுகிறது.

ஆகவே வண்டியின் ஓட்டு நிரலுக்கு 'நிலஅளவு' என்று பெயர் மாற்றிவிட்டேன். அவ்வளவுதான். பத்து வருஷப் படிப்பு, கடைசியில் ஒரு பெயர் மாற்றம்.

சாலை மறைந்தது. நொடிக்கு இரண்டு படம். பாதித் திரை கறுப்பு.

சூசை: "யக்கா, பாதி கருப்பாக் கெடக்கு. கெணத்துக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி இருக்கு."

"கறுப்பா இருக்க எடத்துக்குப் போகாத. சாம்பலா இருக்க எடத்துல மட்டும் ஊர்ந்து வா. நல்லாத் தெரிஞ்சா மட்டும் பயப்படு, கேட்டியா? திரை அழகா ஆச்சுன்னா ஒடனே நின்னுரு."

"கேட்டேன். அழகா இருந்தா நிக்கணும். எங்கம்மா பொண்ணு பாக்கப் போகையில சொன்னதும் இதேதான்."

சிரித்தேன். காலையிலிருந்து அது ஒன்றுதான்.

நாள் 61, மாலை 18:50. ஏற்றம்

ஏறுகிறான். நடக்கிற வேகத்தைவிட மெதுவாக. ஆனால் சரியாக ஏறுகிறான். சூடு வீணாகாமல் இருக்க உள்விளக்கை அணைத்துவிட்டான். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, இரண்டு விரலை மட்டும் வெளியே விட்டு ஓட்டுகிறானாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது பேசுகிறான், தூங்கிவிடாமல் இருக்க. மகள் வெள்ளை கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறாள், தையல்காரர் கையை நீளமாக வைத்துவிட்டார், வீட்டில் ஒரே ரகளை. இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தையல்காரரை நானும் இரண்டு திட்டு திட்டினேன்.

இனி ஒரு மேட்டின் நிழலைக் கடக்க வேண்டும். அங்கே வானொலி எட்டாது. அதைத் தாண்டினால் நேர் வழி.

நாள் 61, இரவு 20:05. மதிப்பெண்

நாசமாய்ப் போக. இரண்டு கம்பெனியும் நாசமாய்ப் போக.

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். 'நிலஅளவு' ஓடினால் அதன் மதிப்பெண் தானாகவே பூமிக்குப் போகும், சோதனை என்றால் அதுதான் வழக்கம். சூசை ஊர்ந்துவந்த ஒவ்வொரு நிமிஷமும் 'டாவ்ரெக்ஸ், நொடிக்கு இரண்டு படம்' என்று பூமிக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஓர்மின் அதை எடுத்து விளம்பரமாகப் போட்டுவிட்டது: 'நிலவில் மூச்சு வாங்கும் டாவ்ரெக்ஸ்.' கூடவே ஒரு நத்தையின் படம். லட்சம் பேர் சிரித்தாயிற்று.

டாவ்ரெக்ஸ் சும்மா இருக்குமா? இரண்டு மணி நேரத்தில் புதுத் திருத்தம். 'நிலஅளவு சோதனையில் நொடிக்கு நூற்றிருபது படங்கள்.' அதாவது இனி பரீட்சையிலும் ஊகிக்கும். அறிவிப்பைப் பார்த்ததும் பூமியிலிருந்து வரும் இணைப்பின் ஒயரைப் பிடுங்கலாம் என்று ஓடினேன். போய்ச் சேருவதற்குள் வண்டிக்கு நூறு சதவீதம் ஏறிவிட்டது.

என் திரையில் பார்த்தேன். இந்தத் தடவை சாலை இல்லை. புத்திசாலிகள். சாம்பல் மண், சின்னச் சின்னக் குழிகள், கல்லின் நிழல், எல்லாம் நிலவே போல. யாரும் நம்புவார்கள். நானே ஒரு நிமிஷம் நம்பினேன்.

சூசை: "யக்கா, திரை அழகா ஆயிட்டு. நிக்கட்டா?"

"நில்லு! நில்லு சூசை!"

பதில் இல்லை. நிழலுக்குள் போய்விட்டான். கேட்டானா, கேட்கவில்லையா என்று தெரியவில்லை.

தினகரை அழைத்தேன். திருத்தத்தைத் திரும்ப எடு என்றேன். கத்தினேன் என்றே எழுதலாம். "மேடம், நூத்திருவது வந்துடுச்சு, எதுக்கு மேடம் திரும்ப ரெண்டுக்குப் போகணும்?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டான். அவன் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

ஓர்மினும் நிலையத்தின் கார்டுக்கு ஏதோ அனுப்பியிருக்கிறது. 'இருநூற்று நாற்பது படங்கள்' என்று ஓரத்தில் மின்னுகிறது. அதைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

நாள் 61, இரவு 21:15. வந்துவிட்டான்

வந்துவிட்டான்! வந்துவிட்டான்!

வாசல் கேமராவில் தெரிகிறது. முன்விளக்கு இரண்டும் எரிகின்றன. அடிவயிற்றில் தகடு நெளிந்திருக்கிறது, பாவம். நேராக வந்து வாயிலோடு ஒட்டி நின்றுவிட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு ரசப் பொட்டலத்தைச் சுட வைத்தேன். அவனுக்கு மிளகு தூக்கலாக இருக்க வேண்டும். இரண்டு தட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

வாயில் அறையில் காற்று நிரம்பக் கொஞ்ச நேரம் ஆகும். தட்டுவான்.

நாள் 61, இரவு 21:40

தட்டவில்லை.

வாயிலுக்குப் போனேன். அங்கே சுவரில் ஒரு முள் அளவி இருக்கிறது. வண்டி ஒட்டிக்கொண்டால் முள் நகரும். அது கார்டு வழியாக வருவதில்லை, வெறும் குழாயும் முள்ளும். முள் பூஜ்யத்தில் நிற்கிறது. விரலால் தட்டிப் பார்த்தேன். பூஜ்யம்தான். வெளியே காலியிடம். கதவுக்கு அந்தப் பக்கம் எந்த வண்டியும் இல்லை.

திரும்ப வந்து திரையைப் பார்த்தேன். வண்டி நிற்கிறது. விளக்கு எரிகிறது. இருநூற்று நாற்பது படம்.

வண்டி இந்த நேரத்தில் வரும் என்று நிலையத்துக்குத் தெரியும், பயணத் திட்டத்தில் இருக்கிறது. வர வேண்டியது வந்துவிட்டதாக நிலையத்தின் கார்டு வரைந்துவிட்டது. இனி டாவ்ரெக்ஸைவிட ஒரு படம்கூடக் குறையக் கூடாதே.

எழுதிக்கொண்டிருக்கும்போதே வானொலி. கரகரப்பாக, தொலைவாக.

"யக்கா… கேக்குதா? துளைக்கிற கையை ஏரியல் மாதிரி தூக்கி நிறுத்தியிருக்கேன், அதான் கேக்குது போல. நீங்க சொன்ன மாதிரி நின்னுட்டேன். மேட்டுக்கு அடியிலதான் கெடக்கேன். திரை அழகாத்தான் இருக்கு. நான் தொடல. ஆனா குளிருது யக்கா. நீங்க பாத்துச் சொல்லுங்க, முன்னால என்ன கெடக்குன்னு. சொன்னீயன்னா நகருவேன்."

எதைப் பார்த்துச் சொல்ல? என்னுடைய திரையில் நீ வீட்டுக்கு வந்துவிட்டாய், சூசை.

நாள் 61, இரவு 22:10. கடைசி

தரைக்கட்டுப்பாட்டுக்கு மூன்று தடவை சொல்லிவிட்டேன். ஆள் ஆபத்தில் இருக்கிறான், கார்டை இங்கிருந்து அணைக்க முடியவில்லை, நீங்கள் அணையுங்கள் என்றேன். அவர்களுக்கும் அதே படம்தான் போகிறது.

"ஆவுடையம்மாள், வாகனம் வாயிலில் இருப்பதை இங்கே பார்த்துக்கொண்டுதான் பேசுகிறோம். நீங்கள் காலையிலிருந்து ஓய்வெடுக்கவில்லை. தயவுசெய்து தூங்குங்கள்."

தினகர்: "மேடம், காம்பெடிட்டர் கார்டுதான், ஆனாலும் ஒத்துக்கணும், வாசல்ல வண்டி சூப்பரா தெரியுது. டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிடட்டுமா?"

ஷர்மிளா: "மேம், சார் சேஃபா வந்துட்டாங்க போல. கங்கிராட்ஸ் மேம்."

காலையிலிருந்து ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு கம்பெனியும் முதல் தடவையாக ஒத்துப்போகின்றன: சூசை வந்துவிட்டான்.

நான் வெளியே போகிறேன். நிலையத்தில் வைத்திருக்கும் விண்வெளி உடையின் முகமூடி வெறும் கண்ணாடி, அதில் எந்தக் கம்பெனியும் இல்லை. கைவிளக்கும் கயிறும் எடுத்துக்கொண்டேன். அங்கேயே நில், வருகிறேன் என்று சூசையிடம் சொல்லிவிட்டேன். மேட்டடிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அவனுக்குச் சூடு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், கணக்கு சரியாக இருந்தால். திரும்பி வரும் வழியில் குளிரை அவன் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் வண்டிக்கு முன்னால் நடந்து வழி சொல்வேன், அவன் திரையை அணைத்துவிட்டு என் குரலைக் கேட்டு ஓட்டுவான். இதற்கு முன் யாரும் இப்படிச் செய்ததில்லை. என் உடையில் இருக்கிற காற்று போகவும் வரவும் போதும், வழியில் எங்கும் நிற்காவிட்டால்.

பயமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. அவன் அங்கே தனியாகக் கிடக்கிறான், அதைவிட இது பரவாயில்லை.

இதை வாசிப்பவருக்கு ஒரே ஒரு விஷயம். நான் எழுதாவிட்டால் நிலையம் தானே பதிவு எழுத ஆரம்பிக்கும். கேமராவில் யார் தெரிகிறார்கள் என்று பார்த்து எழுதும். அதை நம்பாதீர்கள். தயவுசெய்து வந்து தேடுங்கள். மேட்டடியில் இருப்போம், அல்லது வழியில்.

ரசம் ஆறிவிட்டது. போகிறேன்.

நாள் 62, காலை 06:40. தானியங்கிப் பதிவு

காற்றழுத்தம் சரி. வண்டி வாயிலில் உள்ளது. ஆட்கள்: இருவர். இருவரும் உணவு மேசையில். காட்சி: நொடிக்கு 240 படங்கள். விடுபட்ட படம் இல்லை.

நாள் 63, காலை 06:40. தானியங்கிப் பதிவு

காற்றழுத்தம் சரி. வண்டி வாயிலில் உள்ளது. ஆட்கள்: இருவர். இருவரும் உணவு மேசையில். திறந்திருந்த புகார்கள் அனைத்தும் முடித்துவைக்கப்பட்டன. காட்சி: நொடிக்கு 480 படங்கள்.

நாள் 79, காலை 06:40. தானியங்கிப் பதிவு

காற்றழுத்தம் சரி. தண்ணீர்ச் செலவு: கடந்த பதினேழு நாட்களாக இல்லை. உணவுச் செலவு: இல்லை. ஆட்கள்: இருவர். இருவரும் உணவு மேசையில், சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பூமியிலிருந்து உதவி தேவையில்லை.